பெரிய தாத்தா செத்துப்போன ஃபைனல்

என் வாழ்நாளில் நான் ஒரே ஓர் ஆளைத்தான் சாகடித்திருக்கிறேன். அவரும் அதற்குப் பிறகு பதினோரு வருஷம் நன்றாகச் சாப்பிட்டு, எல்லோரையும் திட்டிவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். ஆகவே என்னைப் பற்றி யாரும் தப்பாக நினைக்கவேண்டியதில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. வகுப்பில் பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதுவார்கள் அல்லவா, அதில் என் பெயரை மட்டும் அழிப்பதே கிடையாது. தினமும் புதிதாக எழுதினால் சாக்பீஸ் வீண் என்று டீச்சரே சொல்லிவிட்டார். வீடு முதலியார்பேட்டையில், மூடிப்போன மில்லுக்குப் பின்னால் இருந்தது. மில் போய்விட்டது; மில்லில் வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள்; ஆனால் அவர்கள் ஆரம்பித்த கால்பந்து கிளப் மட்டும் போகவில்லை. 'நூற்பாலை நண்பர்கள்' என்று பெயர். அதில் இருந்த பையன்களில் ஒருவருக்கும் நூலைப் பற்றி ஒன்றும் தெரியாது. காற்றாடி விடுகிற நூல் தெரியும்.

எங்களுக்கு ஜென்ம விரோதி, நாலு தெரு தள்ளி, பள்ளிவாசலை ஒட்டியிருந்த 'மாலைநிலா' கிளப். அதன் செயலாளர் ஒரு தையற்கடை பாய். அந்தப் பக்கத்தில் ஜெர்சி தைக்கத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான் என்பதால், எங்கள் ஜெர்சியையும் அவரிடம்தான் தைக்கக் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, அக்குளில் வேண்டுமென்றே இறுக்கிவிட்டார், கை தூக்க முடியவில்லை, அதனால்தான் தோற்றோம் என்று வருஷா வருஷம் சொல்வார்கள். கால்பந்தில் கையை எதற்குத் தூக்கவேண்டும் என்று நான் ஒருமுறை கேட்டேன். வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இந்த இரண்டு கிளப்புக்கும் எதிலும் ஒத்துப்போகாது, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் ஆட்டம் கிடையாது. செத்தவர் யார் வீட்டு ஆளோ, அந்த வீட்டு வழக்கப்படி நாள் கணக்கு. பாய்மார் வீடென்றால் மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்தால் ஆடலாம். எங்கள் ஆள் என்றால் பதினாறாம் நாள் கருமாதி முடியவேண்டும். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் மீறினவர்கள் கிடையாது. அந்த வருஷம் அரையிறுதிக்குப் பிள்ளைச்சாவடியிலிருந்து வேன் வைத்து, மேளத்தோடு ஓர் அணி வந்து இறங்கியது. மாலைநிலா தெருவில் அன்று மதியம் யாரோ ஒரு பெரியம்மா இறந்திருந்தார். வந்தவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. மேளத்தைத் துணியால் மூடிக்கொண்டு அதே வேனில் ஏறிப் போனார்கள். நான் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

எங்கள் அணியின் ஒன்பதாம் எண் என் மாமா, அம்மாவின் தம்பி. ஸ்கூட்டர் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் அவரைப் பார்க்கிறவர்கள் "டேய், பிரேக் புடிக்கலடா" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் மைதானத்தைச் சுற்றி நிற்கும் அத்தனை பேரும் அவர் பெயரைக் கத்துவார்கள். நான் என் தொண்டை போகும் அளவுக்குக் கத்துவேன். பிறகு அவர் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீடு வருவார். ஐந்தாம் வகுப்புப் பெண்ணைத் தோளில் ஏற்றலாமா என்று அம்மா திட்டுவாள். "ஒரு மூட்ட அரிசிகூட இல்லக்கா" என்பார் மாமா.

அவருக்கு எட்டு மாதத்துக்கு முன்னால் கல்யாணம் ஆகியிருந்தது. ஏற்பாடு செய்தவர் பெரிய தாத்தா. இவர் அம்மாவுக்கும் மாமாவுக்கும் பெரியப்பா. அவர்கள் அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட, இரண்டு பேரையும் எடுத்து வளர்த்தவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சிப்பாயைப் பிரெஞ்சில் சொல்தா என்பார்கள்; சொல்தா வீடு என்றால் எங்கள் தெருவில் அவர் வீடுதான், எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசை. காலையில் இட்லி, சாயங்காலம் ரொட்டியைக் காப்பியில் தொட்டுச் சாப்பிடுவது, நடுவில் யாரையாவது அதட்டுவது என்று அவருக்கு நாள் முழுக்க வேலை இருந்தது. அவருடைய பட்டாளத்துக் கூட்டாளி ஒருவரின் பேத்தி, பாரிஸில் பிறந்து வளர்ந்த பெண். அவள்தான் என் அத்தை. வந்தாள், தாலி கட்டிக்கொண்டாள், இருபத்திரண்டு நாள் இருந்தாள், போனாள். இப்போது மாமாவுக்கும் அங்கே போகக் காகிதமெல்லாம் வந்துவிட்டது. தெருவே வந்து கையைக் குலுக்கியது. "குடுத்து வெச்சவன்டா" என்றார்கள். மாமா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்.

"ஃபைனல் முடிஞ்சதும் கெளம்பிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து விமானம்.

இதிலிருந்து நான் கண்டுபிடித்த நியாயம் ரொம்ப எளிமையானது. ஃபைனல் முடிந்தால் மாமா போய்விடுவார். ஆகவே ஃபைனல் முடியக்கூடாது. முடியக்கூடாதென்றால் ஆரம்பிக்கக்கூடாது. கணக்கில் நான் முப்பத்தைந்துக்கு மேல் வாங்கினதில்லை. ஆனால் இந்தக் கணக்கு எனக்கு ஒரே நொடியில் வந்துவிட்டது.

முதலில் மாமாவின் பூட்ஸில் ஒன்றை எடுத்து அரிசி டிரம்மின் அடியில் புதைத்தேன். மறுநாள் காலையில் அம்மா படி போட்டு அள்ளும்போது பூட்ஸ் வந்தது. அன்று எனக்கு விழுந்த அடியைச் சொல்ல வரவில்லை. ஒரு வாரம் சோற்றில் வியர்வை வாசனை அடித்ததே, அதைத் தின்றதுதான் பெரிய தண்டனை. அதற்குப் பிறகுதான் பிள்ளைச்சாவடி வேன் ஞாபகம் வந்தது.

யாரைச் சாகடிப்பது? நான் நன்றாகத்தான் யோசித்தேன். அப்பா வேண்டாம், அவர்தான் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுவார். அம்மா வேண்டாம், பயமாக இருந்தது. பக்கத்து வீட்டு ஆட்களைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். மிச்சம் பெரிய தாத்தாதான். தெருவிலேயே வயதானவர், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். தவிர, அந்தக் கல்யாணத்தைச் செய்துவைத்தவரே அவர்தானே? எனக்கு மனசாட்சி கொஞ்சம்கூட உறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. மாமா முட்டிக்கு மாட்டுகிற பட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். அம்மா அதை என்னிடம் கொடுத்து ஓடச் சொன்னாள். எனக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓடினேன். படுத்திருந்தார், கூப்பிட்டோம், எழுந்திருக்கவில்லை. இது ஒன்று. குளித்துவிட்டு வந்தார், நெஞ்சைப் பிடித்தார், சாய்ந்தார். இது இன்னொன்று. இரண்டாவதில் நடிப்புக்கு இடம் அதிகமாக இருந்ததால் அதையே செய்வதென்று முடிவு செய்து, நெஞ்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே ஓடியதில், மைதானத்து வாசலில் கல் தடுக்கி விழுந்தேன். முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

தூக்கி நிறுத்தியது யாரென்று பார்த்தால் தையற்கடை பாய். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அளவு எடுக்கிற டேப்பு. ஃபைனலுக்கும் அந்த டேப்பைக் கழற்றாமல் வந்திருந்தார்.

"இன்னாம்மா பாப்பா, ஏன் அழுவுற?"

"பெரிய தாத்தா செத்துட்டாரு."

நெஞ்சைப் பிடிக்க மறந்துவிட்டேன். குளித்ததையும் சொல்லவில்லை. ஆனால் அது எதுவும் தேவைப்படவில்லை. பாய் என் தலையில் கை வைத்து முணுமுணுவென்று ஏதோ ஓதினார். பக்கத்தில் நின்றவர் அவருக்குப் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். நான் முட்டியில் எச்சில் தொட்டுத் தடவி நிமிர்வதற்குள், செய்தி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நன்றாக வளர்ந்து என்னிடமே திரும்பி வந்தது.

"காத்தாலயே நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாராம்."

"கோரிமேட்டுக்குத் தூக்கினு போனாங்களாம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கினே போனாராம்."

"நேத்தே பாத்தேன் நான். மூஞ்சில களையே இல்ல."

எனக்குக் குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. நான் சொன்னது மூன்றே வார்த்தை. இவர்களுக்கு எப்படி இவ்வளவு தெரிந்தது? கோரிமேட்டுக்குப் போனதை நான் சொல்லவே இல்லையே. ஒருவேளை நான் வீட்டைவிட்டுக் கிளம்பின பிறகு நிஜமாகவே ஏதாவது நடந்துவிட்டதோ? காலையில் எட்டு இட்லி சாப்பிட்டுவிட்டுச் சட்னியில் உப்பு இல்லை என்று கத்தினாரே, அதுதான் நெஞ்சு வலியோ?

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு நேராக மாமாவிடம் போனார். மாமா தரையில் உட்கார்ந்து காலுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்க பெரியப்பா… பாப்பா சொல்லுது. நெசமா?"

மாமா பாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மறுபடி நிமிர்ந்தேன், அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னால் என் காது மடல் சிவந்துவிடும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் காலுக்குப் பக்கத்திலேயே பை கிடந்தது. பைக்குள் அவருடைய செல்போன் இருந்தது. வீட்டுக்கு ஒரு அழுத்து அழுத்தினால் அம்மா எடுத்திருப்பாள். நான் அடிக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கொஞ்ச நாளாவே முடியலன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு, பாய்" என்றார் மாமா.

சொல்லிவிட்டு, மாட்டின காலுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.

அடுத்து நடந்ததெல்லாம் எனக்குத் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்த்ததுபோலத்தான் ஞாபகம் இருக்கிறது. ரெஃபரி லாஸ்பேட்டைக்காரர், ஏதோ அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். ஆட்டமே ஒரு ஃபைல் மாதிரிதான் அவருக்கு. இரண்டு செயலாளர்களிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நீளமாக ஒரு விசில் ஊதினார். இரண்டு அணியும் மைதானத்தின் நடுவில் வட்டமாக நின்றன. இரண்டு நிமிட மௌனம். அந்தப் பெரிய கூட்டத்தில் ஒரு சுண்டல்காரர்கூடக் கூவவில்லை. மாலைநிலாவின் கோல்கீப்பர், சட்டைப் பித்தானைப் போட மாட்டாரே அந்த முரட்டு ஆள், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்குப் பெரிய தாத்தா யாரென்றே தெரியாது.

பாவம் பெரிய தாத்தா. இனிமேல் யார் நம்மைக் குட்டி என்று கூப்பிடுவார்கள்? யார் ரொட்டியின் முனையைப் பிய்த்துக் கொடுப்பார்கள்? நான் கேவிக் கேவி அழுதேன். என் பொய்க்கு அந்த மைதானத்தில் அதிகமாக அழுதது நான்தான். மாமா வந்து என்னைத் தூக்கிக்கொண்டார். நான் அவர் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டு "தாத்தா, தாத்தா" என்று அழுதேன். அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். இதில் யார் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தோம் என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

பிறகு வீட்டுக்குப் புறப்பட்டார்கள். வெறுங்கையோடு சாவு வீட்டுக்குப் போவார்களா? ஆனால் எதையும் வாங்க அலையவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஜெயிக்கிற கேப்டனுக்குப் போட ஆளுயர ரோஜா மாலை தயாராக இருந்தது. ஜெயித்தால் ஊர்வலம் போக மேளக்காரர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் அடியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். கோப்பை வாங்கும்போது வெடிக்க வைத்திருந்த ஆயிரம் வாலா, அப்படியே சாவுக்கு வெடிக்கிற ஆயிரம் வாலா ஆனது. நம் ஊரில் ஜெயிக்கிறதுக்கும் சாகிறதுக்கும் சாமான் ஒன்றுதான் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

முன்னால் மேளம். அடுத்து மாலையைக் கையில் ஏந்திக்கொண்டு பாய், அவர் பக்கத்தில் என்னைத் தூக்கிக்கொண்டு மாமா. பின்னால் எங்கள் நீலச் சட்டை, மாலைநிலாவின் மஞ்சள் சட்டை எல்லாம் கலந்து இருபத்தைந்து பேர், அவர்களுக்குப் பின்னால் டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்க்க வந்த ஜனம். தெருமுனையில் வெடியைக் கொளுத்தினார்கள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பெரிய தாத்தா வெளியே வந்தார்.

பனியன், மடித்துக் கட்டின கைலி, கையில் பாதி ரொட்டி. ரொட்டி நுனியிலிருந்து காப்பி சொட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்து அவர் முகம் மலர்ந்த மாதிரி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"எத்தினி கோலுடா?" என்று கத்தினார்.

மேளம் நின்றுவிட்டது. ஒரு பையன் மட்டும் கவனிக்காமல் இரண்டு அடி கூட அடித்துவிட்டு நிறுத்தினான். பெரிய தாத்தா படியிறங்கி வந்தார். முன்னால் மாலையோடு நிற்பது மாலைநிலாவின் செயலாளர் என்று பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம் இன்னும் தாங்கவில்லை. தோற்ற கிளப்பே வீடு தேடி வந்து மாலை போடுகிறதென்றால் சும்மாவா? ரொட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கழுத்தைக் குனித்து நின்றார்.

பாய் என்னதான் செய்வார், பாவம்? போட்டுவிட்டார்.

மாலை முட்டிக்குக் கீழே வரை தொங்கியது. பின்னாலிருந்து அம்மா ஓடி வந்தாள். "இன்னா ஆச்சு, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று எல்லோரையும் கேட்டாள். ஒருவராவது வாயைத் திறக்கவேண்டுமே. கடைசியில் மேளக்காரர்களில் மூத்தவர்தான் மரியாதையாகச் சொன்னார்.

"ஐயா, நீங்க செத்துட்டதா சொன்னாங்கய்யா."

நான் மாமாவின் தோளிலிருந்து பெரிய தாத்தாவைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் உயிரோடு இருக்கிறாரே என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரை மணி நேரமாக அவருக்காக அழுதிருக்கிறேன். அவர் பாட்டுக்கு ரொட்டி தின்றுகொண்டிருக்கிறார்.

"யாரு சொன்னது?" என்றார் அவர்.

பாய் என்னைக் காட்டவில்லை. அவர் பெரிய மனிதர். ஆனால் மற்ற இருநூறு பேரும் காட்டினார்கள்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க பெரியப்பா" என்று மாமா குறுக்கே வந்தார். "நான்தான் விசாரிக்காம ஆமான்னுட்டேன். தப்பு என்னுது."

இதைக் கேட்டதும் மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு ரத்தம் கொதித்தது. "தோத்துடுவோம்னு பயந்துகினு கெழவன சாகடிச்சிட்டானுங்கடா!" என்று அந்தக் கோல்கீப்பர் ஆரம்பித்தார். எங்கள் ஆட்கள் சட்டையைப் பிடிக்கப் போனார்கள். பெரிய தாத்தா கழுத்தில் மாலையோடு நடுவில் புகுந்து, "எவன்டா கெழவன்?" என்று ஒரு சத்தம் போட்டார். உயிரோடு இருக்கிறார் என்பதில் அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

இப்போதே போய் ஆடிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ரெஃபரி லாஸ்பேட்டைக்குப் போய்விட்டிருந்தார். இனி ஆரம்பித்தால் முடிவதற்குள் இருட்டியும் விடும். தையற்கடை பாய்தான் தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு ஆளுக்காக ரெண்டு நிமிஷம் நின்னாச்சு. கையெழுத்தும் போட்டாச்சு. ஆளு இருக்காரு, அல்லா புண்ணியம். அதுக்காக நின்னது நிக்காததா ஆயிடுமா? பதினாறு நாள் கழிச்சே ஆடுவோம்."

இப்படியாக, நடக்காத சாவுக்குப் பதினாறு நாள் துக்கம் அனுசரிப்பது என்று இரண்டு கிளப்பும் முடிவு செய்தன.

அன்று அம்மா துடைப்பத்தை என் மீது எவ்வளவு நேரம் உபயோகித்தாள் என்பதை விட்டுவிடுகிறேன். பெரிய தாத்தா அடிக்கவில்லை. மாலையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"குட்டி, எதுல செத்தேன்?"

"நெஞ்சு வலி தாத்தா."

"எத்தினி மணிக்கு?"

"மூணரைக்கு."

"அப்ப ரொம்பக் கஷ்டப்படல" என்று தலையை ஆட்டினார். பிறகு யார் யார் வந்தார்கள் என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டார். கோடி வீட்டுக்காரர் வரவில்லை என்பதைக் கண்டுபிடித்து, அவர் செத்தால் தானும் போகப்போவதில்லை என்று அறிவித்தார். மறுநாள் காலையில் கோட்டு மாட்டி, மெடல்களைக் குத்திக்கொண்டு பென்ஷன் ஆபீசுக்குப் போய்விட்டு வந்தார். ஒவ்வொரு வருஷமும் தான் உயிரோடு இருப்பதாகக் காகிதம் கொடுக்கவேண்டிய ஆள் அவர். செய்தி தனக்கு முன்னால் அங்கே போய்விடக்கூடாதே என்ற கவலை.

மாமாவின் விமானம்தான் பெரிய பஞ்சாயத்து ஆனது. செவ்வாய்க்கிழமை கிளம்பு, ஆட்டமாவது மண்ணாவது என்றார் பெரிய தாத்தா. மாமா அவர் முன்னால் என்றைக்கும் குரலை உயர்த்தினவர் இல்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"ஆடாம போனா, பயந்து ஓடிட்டான்னு சொல்லுவானுங்க பெரியப்பா."

பட்டாளத்துக்காரருக்கு இதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. டிக்கெட்டைத் தள்ளிப்போட்டார்கள்.

மாமா கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டு பாரிஸுக்குப் போன் செய்தார். நான் துணிக்கல்லின் மேல் உட்கார்ந்து, துடைப்பம் பட்ட இடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். "ஆமா… பெரியப்பாவுக்குத்தான் ஒடம்பு சரியில்ல… எப்ப இன்னா ஆவும்னு தெரியல" என்று அவர் சொல்வது கேட்டது. அதே நேரத்தில் தெருவில் பெரிய தாத்தா, பேப்பர் போடுகிற ஆளிடம் ஞாயிற்றுக்கிழமை இணைப்பை எங்கே என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பொய்தான் வெளியே வந்துவிட்டதே, இந்த மாமா இன்னும் அதையே ஏன் சொல்லிக்கொண்டிருக்கிறார்? அத்தைக்கு விஷயம் தெரியாது என்பதால் மாமா ஏதோ குழம்பிவிட்டார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். பெரியவர்கள் குழம்புவது சகஜம்தானே.

அந்தப் பதினாறு நாளும் எனக்குப் பண்டிகை. தெருவில் போகிறவர்கள் "தாத்தா, இன்னிக்கு உங்களுக்கு எட்டாம் நாளு" என்று குரல் கொடுப்பார்கள். பெரிய தாத்தா காலண்டரைப் பார்த்து, "ஒம்பது" என்று திருத்துவார். மாமா வேலையிலிருந்து நின்றுவிட்டதால் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார், ஐஸ் வாங்கிக் கொடுத்தார், பந்தை எட்டு தரம் தரையில் விடாமல் தட்டக் கற்றுக்கொடுத்தார். பிரெஞ்சு கற்றுக்கொள்ள அத்தை வைத்துவிட்டுப் போன புத்தகம் ஜன்னலில் கிடந்தது. அதற்கு முன்பெல்லாம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு "ஜெ மாப்பெல்… ஜெ மாப்பெல்…" என்று மாமா முனகிக்கொண்டிருப்பார், அதற்குமேல் போகமாட்டார். 'என் பெயர்' என்பதற்கு அது பிரெஞ்சு; தன் பெயரைச் சொல்வதற்குள் அவருக்கு நாக்குப் புரண்டுவிடும். அந்தப் பதினாறு நாளில் அவர் புத்தகத்தைத் தொடவே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை; பாடப் புத்தகம் எதையுமே யாருக்கும் ஞாபகப்படுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஆட்டத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். எங்கள் ஒரு கோல் மாமா போட்டது. அக்குள் இறுக்கம்தான் காரணம் என்று சொன்னார்கள். மூன்றாம் நாள் மாமா விமானம் ஏறினார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். ஒரு ஓட்டலின் அடுக்களையில் வேலை, இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் தொப்பை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பதினாறாம் நாளுக்கு மறுநாள் மதியம் நடந்ததை. ஆட்டத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. வீட்டில் எல்லோரும் முன்னாலேயே போய்விட்டார்கள். மாமா மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டுவார், அவிழ்ப்பார், மறுபடி கட்டுவார். நான் முட்டிப் பட்டையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை மறக்கக்கூடாதென்று அம்மா என் கையிலேயே கட்டிவிட்டுப் போயிருந்தாள்.

"ஏன்டி வாலு, அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டார். இத்தனை நாள் அவர் இதைக் கேட்கவே இல்லை.

"நீ ஊருக்குப் போவக்கூடாதுன்னுதான்."

மாமா கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே தெருவைப் பார்த்தார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. பிறகு, கடையில் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்.

"நம்ம தெருவுல வயசானவங்க இன்னும் யாரு யாரு இருக்காங்க?"

இது எனக்குப் பிடித்த விளையாட்டாக இருந்தது. நான் சிரித்துக்கொண்டே விரலை மடக்க ஆரம்பித்தேன். பால்காரம்மாவின் மாமியார், ஒன்று. மூலை வீட்டு ரிட்டயர்டு வாத்தியார், இரண்டு. கோடி வீட்டுக்காரர், மூன்று. பஞ்சர் கடைக்காரரின் அப்பா, நான்கு. அவருக்கு இருமல் வேறு. ஒவ்வொரு பெயருக்கும் மாமா தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது விரலுக்கு வந்தபோதுதான் நான் ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. யாரையோ விட்டுவிட்டேன், அதனால்தான் மாமா சிரிக்காமல் காத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, விரல்களையெல்லாம் விரித்து, மறுபடியும் முதல் வீட்டிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.